காய்ந்த கையில் ஈர விரல்

அக்கா மகள் பள்ளிக்கூடத்திலிருந்து களிமண் கொண்டுவந்திருக்கிறாள். காயாமலிருக்க ஈரமான பனியன் வேஸ்ட் துணியில் சுற்றியிருந்தாள். துணியைப் பிரித்ததும் வந்த வாடை என்னை நம் எட்டாம் வகுப்புக் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்தியது.

நாங்களெல்லாம் பிள்ளையாரும் மயிலும் செய்தோம். சுவரில் ஒட்டிய படங்களில் மலையும் சூரியனும். நீ மட்டும் உன் அப்பாவின் வலது கையைச் செய்தாய், ஆள்காட்டி விரல் இல்லாமல். பனியன் கம்பெனியில் கட்டிங் மிஷின் எடுத்த விரல். அந்தக் கம்பெனி முதலாளிதான் கண்காட்சியைத் திறக்க வருகிறவர்.

"அந்த விரலையும் வெச்சிரு கண்ணு, அழகா இருக்கும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எங்கப்பனுக்கே இல்லாத விரல் எங்கிருந்துங்க சார் வரும்?" என்றாய்.

வகுப்பே சிரித்தது. உன் அப்பா அப்போதும் அந்தக் கம்பெனியில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையும் போனால்? மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஒரு விரலை உருட்டி அந்தக் கையில் ஒட்டினேன். இதை உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

மதியம் முதலாளி மேசை மேசையாக வந்தார். விரலின் அடியில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவர் உன் மேசையைக் கடந்து மயிலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அப்போதுதான் விரல் டொக்கென்று விழுந்தது. அவர் திரும்பி வந்தார்.

"யாரு கை இது?"

"எங்கப்பா கைங்க. உங்க கம்பெனிலதாங்க போச்சு."

"நல்லா இருக்கு" என்றார். சிரிக்கவும் செய்தார். திங்கட்கிழமை உன் அப்பாவைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஏனென்று கேட்க ஒரு நாயும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் வரவில்லை, நானும்தான். ஜூனில் நாங்கள் ஒன்பதாவதுக்குப் போனோம். நீ ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போனாய்.

பிறகொருநாள் பஸ் ஸ்டாப்பில் சொன்னாய்: "அந்தக் கிறுக்கு ஹெட்மாஸ்டரு காஞ்ச கையில ஈர மண்ண ஒட்டியிருக்காரு, நிக்குமா புள்ள? அதுகூடப் பரவால்ல. என் வாய்தான் எங்கப்பன் வேலையத் தின்னுடுச்சு."

உன் வாய் இல்லை. விரல் விழாமலிருந்தால் அவர் போயே போயிருப்பார். பஸ் வந்ததும் நான் ஏறிக்கொண்டேன்.

போன வருஷம் கம்பெனி வேன் கவிழ்ந்தது. 'பெண் தொழிலாளி பலி' என்று பேப்பரில் ஒரு மூலை. உன் பெயரைக்கூடப் போடவில்லை.

கண்காட்சியன்று மேசைக்கடியில் உருண்ட விரலை எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டேன். இன்னும் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. அழுத்தி ஒட்டிய இடத்தில் என் கைரேகை அப்படியே தெரிகிறது.