பதிவேட்டில் என் கையெழுத்து

ஐப்பசி 26, புதன்

ஊரில் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தக் கணினி அறை வேண்டுமென்று கிராம சபையில் முதலில் எழுந்து பேசியவள் ஸ்டெல்லா. அவளை வார்டு உறுப்பினராக்க நான்தான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அரசுப் பணத்தில் ஐந்து கணினிகள் வந்தன. திறப்பு விழாவோடு அறையைப் பூட்டினார்கள். "இன்டர்நெட் லைன் வரலடி," என்றாள் ஸ்டெல்லா. நம்பினேன்.

இன்று ஆய்வுக்கு அதிகாரி வந்தார். மகளிர் குழுத் தலைவி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"தெனமும் தொறக்கிறோம் சார். பொம்பளைங்கதான் நெறைய வர்றாங்க," என்று ஸ்டெல்லா பதிவேட்டை நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.

"நான் போட்டதில்லைங்க. கதவைத் தொறக்கச் சொல்லுங்க," என்றேன்.

உள்ளே வெறும் மேசைகள். அதிகாரி விசாரித்ததில், கணினிகள் ஊராட்சித் தலைவரின் தம்பி கடையில் இருக்கின்றனவாம். குத்தகை நிலத்துக்குப் பயிர்க் காப்பீடு பதிய, நடவு வேலைக்குப் போகும் செல்வி போன வாரம் காசு கொடுத்தது அந்தக் கடையில்தான்.

ஸ்டெல்லா என் காதருகே வந்து, "உன் பேருன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு போட்டேன் ராணி. இப்படிக் காட்டிக் குடுத்துட்டியே," என்றாள்.

காட்டிக் கொடுத்தது நானாம்!

அங்கேயே புகார் எழுதிக் கையெழுத்திட்டேன். அதிகாரி அதைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கைதானேம்மா? நீங்களும் கூட்டா?"

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து வருடமாகக் குழுக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தவள்.