மீதி வரி

22 செப்டம்பர் 2025, திங்கள்

என் வீட்டுக்காரர் காலமானதிலிருந்து துணி போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டரை நேற்று மகன் அறிவுச்செல்வன் சென்னையிலிருந்து வந்து உயிர்ப்பித்துவிட்டான். கைபேசியின் பொடி எழுத்து எனக்குத் தெரியவில்லை என்பதால் வாட்ஸ்அப்பையே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறான். திரையில் கறுப்பும் வெளுப்புமாக ஒரு கட்டம் வருகிறது. அதற்கு நேரே கைபேசியைப் பிடிக்க வேண்டும். "ஆட்டாம புடிங்கம்மா" என்றான். என் கை ஆடவில்லை. அவன்தான் அவசரப்படுத்தினான்.

ஏற்பாடு என்னவென்றால், தினமும் காலையில் நான் ஒரு செய்தி அனுப்பியாக வேண்டும். போன மாதம் கைபேசியை அரிசி டின் மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். அதற்குள் தெருவில் பாதிப் பேருக்குப் போன் போட்டுவிட்டான். "இனிமே ஒரு நாள் வரலைன்னாலும் நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்" என்று காரில் ஏறும்போது சொன்னான்.

கலெக்டர் ஆபீசில் தட்டச்சுப் பிரிவையே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவைத்தவள் நான். இப்போது எனக்கு வருகைப் பதிவு.

24 செப்டம்பர்

எண்டர் விசையைத் தட்டினால் வரி இறங்குவதில்லை. செய்தி போய்விடுகிறது! இதை எந்த மேதாவி யோசித்தான்?

கான்வென்டில் சிஸ்டர் பழக்கிய கை இது. வரி முடிகிற இடத்தில் டைப்ரைட்டரில் மணி அடிக்கும், கை தானாக எழும்பி நெம்புகோலைத் தள்ளும். இங்கே மணி கிடையாது. கை மட்டும் வரி முடிந்ததும் எண்டருக்குப் போகிறது. "அன்புள்ள அறிவுச்செல்வனுக்கு" ஒரு செய்தி. "நலம், நலமறிய அவா" இன்னொரு செய்தி. இப்படியே கடைசியில் "இப்படிக்கு, அம்மா" வரை துண்டு துண்டாகக் குடும்பக் குழுவில் விழுந்துவிட்டது. மருமகள் அன்புச்செல்வி ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாளாம். "அத்தை, ஒரே மெசேஜா போட்டா நல்லா இருக்கும்" என்று பணிவாக எழுதியிருந்தாள். அந்தப் பணிவுதான் தாங்கவில்லை.

27 செப்டம்பர்

எதிர்வீட்டு ஜோதியம்மாள் வந்தாள். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிறவள். என் தட்டச்சுச் சத்தம் தாங்காமல் அவள் மாடியில் தியானம் செய்கிற ஜெர்மன்காரர் வேறு அறை கேட்கிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னவள், என் முழங்கையில் கன்றியிருந்த காயத்தைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, கையில இவ்ளோ பெருசா?"

கதவு இடித்தது என்றேன்.

1 அக்டோபர்

செய்தி அனுப்பியாயிற்று. உயிரோடு இருக்கிறேன்.

6 அக்டோபர், பௌர்ணமி

அழுத்தி எழுதித் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

காலையில் அறிவுச்செல்வன் எழுதியிருந்தான். பேத்தி சிந்துஜா தன் அறையை எனக்கு ஒழித்துத் தருகிறாளாம், தீபாவளிக்குள் நிரந்தரமாக வந்துவிட வேண்டுமாம். என்னைக் கேட்கவில்லை, தகவல் தெரிவித்திருக்கிறான். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பதில் அடிக்க உட்கார்ந்தேன்.

"நான் இனி இந்த வீட்டில் தனியாக இருக்க முடியாது"

வரி நிறைந்தது. கை எண்டருக்குப் போயிற்று. போய்விட்டது! சரி, அடுத்த வரியில் "என்று முடிவு செய்ய உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று வர வேண்டும். "என்று" அடித்தேன். கரண்ட் போயிற்று.

கைபேசியை எடுத்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. வாசலில் கிரிவலக் கூட்டம் ஆறாகப் போகிறது. ஜோதியம்மாளிடம் ஓடினேன்.

"யாருக்கும் டவர் இல்லீங்கம்மா. இன்னிக்கு இந்த ஊர்ல அண்ணாமலையாருக்கு மட்டும்தான் லைன் கிடைக்கும்" என்றாள்.

மாலை வரை நாலு தடவை போய் நின்றேன். அந்தப் பாதி வாக்கியம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. படித்துவிட்டு என்ன நினைப்பான்? ஜெயித்துவிட்டோம் என்றா?

7 அக்டோபர்

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசலில் அறிவுச்செல்வன். வண்டிகளை ஊருக்குள் விடவில்லையாம். திண்டிவனம் சாலையில் காரை நிறுத்திவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்திருக்கிறான். ஐம்பது வயதுக்காரன், சர்க்கரை வேறு. செருப்பு அறுந்து கையில் இருந்தது.

"என்னம்மா ஆச்சு? விழுந்துட்டீங்களா? போனே போகலையே" என்றான். முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை.

முதலில் காபி கொடுத்தேன். இட்லி சாப்பிடவைத்தேன். அதற்குப் பிறகும் சொல்லாமல் இருந்தால் நான் பொய் சொன்னதாகும். அதனால் மீதி வரியைச் சொன்னேன், சொல் பிசகாமல். எண்டர், கரண்ட் எல்லாவற்றையும் விளக்கினேன்.

சிரிப்பான் அல்லது கத்துவான் என்று நினைத்தேன். அவன் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"சரிம்மா. மீதி வரி என் மேல கோவம். அது இருக்கட்டும். மொத வரி பொய்யா?"

எழுந்து போய் இட்லித் தட்டைக் கழுவினேன்.

8 அக்டோபர்

போய்விட்டான். ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

9 அக்டோபர்

முதல் வரி பொய் இல்லை. கதவு இடிக்கவில்லை. குளியலறையில் விழுந்தேன். எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜோதியம்மாளைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கோலத்தில் யாரைக் கூப்பிடுவது?

13 அக்டோபர்

காலைச் செய்தி அனுப்பினேன். 'சரிம்மா' என்று வந்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

19 அக்டோபர், ஞாயிறு

இரண்டு நாளாக மனத்துக்குள் எழுதிப் பார்த்ததை இன்று அடித்தேன். எண்டருக்குப் போகிற வலது கைச் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு, ஒரே செய்தியாக.

"அன்புள்ள அறிவுச்செல்வனுக்கு, கார்த்திகை தீபம் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்கு முன் யாரும் அழைக்க வர வேண்டாம். சிந்துஜாவின் அறை வேண்டாம், அவளுக்குப் பரீட்சை இருக்கிறது. ஹாலில் ஜன்னல் ஓரமாக ஒரு கட்டிலும், என் கம்ப்யூட்டருக்கு ஒரு மேஜையும் போதும். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கச் சொல். வீட்டை விற்கிற பேச்சு என் காலத்தில் கூடாது. ஜோதியம்மாள் வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். இப்படிக்கு, அம்மா."

படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. அனுப்பினேன்.

எழுபத்தாறு வயதில் ஒருத்தி தன் வீட்டை விட்டு வருகிறேன் என்று எழுதுகிறாள். பெற்ற பிள்ளை அதற்குப் பதில் அனுப்பியிருக்கிறான் — மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல்.

போய் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.