வாடகைக் காக்கி

ஞாயிறு, இரவு

காலையில் எழுந்ததும் மொட்டைமாடிச் சாவியை மகனின் நண்பன் தினேஷிடம் கொடுத்தேன். எங்கள் வாரியக் குடியிருப்பில் இந்த பிளாக் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அவன் ஒரகடம் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் வந்திருந்தான். இங்கே போலீஸ் அடிப்பதைப் பற்றிப் பையன்கள் ஒரு குறும்படம் எடுக்கிறார்கள். என் மகன் அருண் கேமரா, தினேஷ் இன்ஸ்பெக்டர். வாடகைக் காக்கியில் நின்று, "சல்யூட் அடிங்க ஆன்ட்டி" என்று சிரித்தான்.

பத்து மணிக்கு நிஜப் போலீஸ் மாடியேறி வந்தது.

"எங்க டிரெஸ்ஸப் போட்டுகினு எங்களயே கலாய்க்கிறியாடா?" என்றார் எஸ்.ஐ.

"நடிப்பு சார்."

தினேஷ் வைத்திருந்த பிளாஸ்டிக் பைப் லத்தியைப் பிடுங்கி அடித்தார்கள். அது உடைந்ததும் தங்கள் லத்தியால் அடித்தார்கள். கைப்பிடிச் சுவர்மேல் அவன் கையை அழுத்திப் பிடித்து ஓங்கி அடித்தபோது எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. காக்கியில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது.

எஸ்.ஐ. என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "ஓடும்போது வழுக்கி வுழுந்தான்னு கையெழுத்துப் போடும்மா. உன் பையன் பேரக் கேஸ்ல இன்னும் எழுதல."

போட்டேன்.

தினேஷை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதும், "கையெழுத்துப் போட்டப்போ அவன் மூஞ்சியப் பாத்தியாம்மா?" என்று அருண் கேட்டான். இரவு சாப்பிடவில்லை.

நாளை தினேஷைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். நானும் போகப் போகிறேன். நான் கையெழுத்துப் போட்டது பொய் என்று நீதிபதியிடம் சொல்வேன். பிறகு அருண் பெயரையும் எழுதுவார்கள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.