செல்லையாவுக்குக் கீழே ஈவிசன்

இன்று காலை பலெர்மோவில் பல்லாரோ சந்தையில் ஒரு மீன்காரன் தன் பெண்சாதியை "ஏவா! ஏவா!" என்று கூவிக் கூப்பிட்டான். சாளை மீன் பொறுக்கக் குனிந்த நான் அப்படியே நின்று சிரித்துவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது. எனக்கோ உமது முகம் ஞாபகம் வந்தது. காது வரைக்கும் சிவந்து, கையில் கிடைத்த கரண்டியால் என் தலைக்குக் குறிபார்த்த முகம். வீட்டுக்கு வந்து மீனை என் மனைவி பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உம்மை 'நீங்கள்' என்று எழுத எனக்கு மனமில்லை. 'நீ' என்று எழுதினால், செத்த மனிசனை இப்படியா எழுதுவது என்று பாக்கியம் ஏசுவாள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற எங்கள் ஊர் 'நீர்' உமக்குப் போதும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் இருவரும் இத்தாலியனில்தான் சண்டை பிடித்தோம். இந்தக் கடிதத்தில் நீர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கப் போகிறீர். எழுதுகிறவன் நான். உமக்கு வேறு வழியில்லை.

லிபெர்த்தா வீதியில் உமது வீட்டுக்கு, உம்மைப் பராமரிக்கிற வேலைக்கு, நான் வந்தபோது நீர் பாதி நாள் படுக்கையிலும் பாதி நாள் சாய்கதிரையிலும் இருந்தீர். பலெர்மோக்காரியான உமது மனைவி இறந்துபோயிருந்தாள். பிள்ளைகள் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்து ஒரு காலத்தில் வைன் ஏற்றுமதிக் கந்தோரில் பெரிய ஆளாம். முதல் நாளே என் பெர்மெசோவை, இந்த நாட்டில் இருக்கத் தந்த அனுமதிப் பத்திரத்தை, வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "செல்லையா" என்றீர்.

செல்லையா என் தகப்பனார். எங்களுக்குப் பரம்பரைப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரை முன்னால் வைத்து எங்கள் பெயரைப் பின்னால் வைப்போம். கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பதிந்தவன் முன்னால் இருந்ததையே குடும்பப் பெயராக்கிவிட்டான். நான் முன்பு வேலை செய்த வீடுகளில், என் பெயர் நடராசா என்று சொல்லிக் கொடுத்தால் 'நத்தா' என்றாவது கூப்பிட்டார்கள். நீர் அதற்கும் சம்மதிக்கவில்லை.

"எங்கடை நாட்டிலை வேலைக்காரனைக் குடும்பப் பேராலைதான் கூப்பிடுவம். அதுதான் முறை" என்றீர். உம்மை மட்டும் மிஸ்டர் ஈவிசன் என்று சொல்ல வேண்டும்.

ஊரில் என் ஐயாவைச் செல்லையர் என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். அம்மா சாகும்வரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் ஒழுங்கையில் இன்னொரு செல்லையா இருந்தார். அவரைக்கூட 'மூலை வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வாள். அந்தப் பெயரை நீர் மலச்சட்டியில் இருந்துகொண்டு கத்தினீர். செல்லையா, துடை. செல்லையா, மடையா, சூப் ஆறிப்போச்சு.

ஒருநாள் உமக்குச் சவரம் செய்து முடித்துவிட்டு நல்லபடியாகவே கேட்டேன்.

"அது செத்துப்போன என்ரை தகப்பன்ரை பேர். அதைச் சொல்லி ஏசாதையும். என்ரை பேர் நடராசா."

நீர் கன்னத்தைத் தடவி வழுவழுப்புப் பார்த்தபடியே சொன்னீர்: "அப்ப உன்ரை தகப்பனும் என்னட்டை வேலை செய்யிறார் எண்டு வைச்சுக்கொள்."

சவரக்கத்தி என் கையில் இருந்தது. கழுவி வைத்துவிட்டு வெளியே போனேன். அந்தச் சொல்லை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை. இந்த வரியை எழுதும்போது பேனை தாளைக் கிழிக்கப் பார்க்கிறது.

உமது பெயர் மட்டும் தங்கம். இங்கிலாந்தைச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஈவிசன் என்று நாலு வீடு கிடைக்காது என்பீர். கடல் கடந்து வந்த ஒரு வீரனுக்கு அரசன் கொடுத்த கோட்டையின் பெயராம் அது. சூப் ஊட்டும்போதெல்லாம் அந்தக் கோட்டையைக் கேட்டுக் கேட்டு, அதன் மதிலும் அகழியும் குதிரைகளும் எனக்குப் பாடமாகிவிட்டன. உம்மோடு அந்தப் பெயர் முடியப்போகிறது என்று சொல்லும்போது மட்டும் உமது குரல் இறங்கும். நான் அப்போது கரண்டியைக் கொஞ்சம் வேகமாக நீட்டுவேன்.

பிறகு உங்கள் இங்கிலீஷ்காரரின் கோவிலுக்குப் புதிதாக வந்த பாதிரியார் உம்மைப் பார்க்க வந்தார். பழைய பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இத்தாலியன் பழகும் ஆசையில் என்னையும் பார்த்துப் பார்த்து அந்த மொழியிலேயே சொன்னார். கோட்டை ஒன்றும் கிடையாதாம். 'ஈவ்' ஒரு பெண்ணின் பெயர், பைபிளில் வருகிற ஏவாளின் பெயர். இத்தாலியர் அதை ஏவா என்கிறார்கள். 'சன்' என்றால் மகன். எப்போதோ ஓர் ஊரில் ஏவாள் என்று ஒருத்தி இருந்திருக்கிறாள். கைம்பெண்ணாக இருக்கலாம், தன் பெயரில் காணி வைத்திருந்தவளாக இருக்கலாம், புருசனே இல்லாதவளாகவும் இருக்கலாம். ஊர் அவள் பிள்ளையை அவள் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறது.

"தாயின் பெயரில் வந்த குடும்பம். எவ்வளவு அபூர்வம்!" என்று அவர் மகிழ்ந்து போனார்.

நான் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். நீர் பாதிரியாரை எழுந்து போகச் சொன்னீர்.

அன்று அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுப் படி ஏறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினேன். கதையைக் கேட்ட பாக்கியம் சிரிக்கவில்லை.

"என்னப்பா பகிடி இதிலை? ஆம்பிளையின்ரை பேர் இல்லாமல் ஒரு பிள்ளையை வளத்து ஆளாக்கியிருக்கிறாள். கெட்டிக்காரி."

"நான் அவளைப் பாத்துச் சிரிக்கேல்லை. கிழவனைப் பாத்துத்தான்."

"அப்ப அவளின்ரை பேரைச் சொல்லி அவரைக் கூப்பிடுங்கோவன். அவர் மாமாவின்ரை பேரைச் சொல்லுறார்தானே?"

அவளுக்கு இப்படி ஒரு மூளை இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த நாள் காலை நீர் வழக்கம்போலக் கத்தினீர்: "செல்லையா! யன்னலைத் திற!"

"ஓம் ஏவா, வாறன்."

"என்னடா சொன்னனீ?"

"உம்மடை குடும்பத்தைத் தொடக்கின மனிசியின்ரை பேர். நீர் என்ரை தகப்பனைக் கூப்பிடும். நான் உம்மடை தாயைக் கூப்பிடுறன்."

"உன்னை இண்டைக்கே வேலையாலை நிப்பாட்டிப்போடுவன்!"

"நிப்பாட்டும். ஆர் உம்மைக் கழுவுறதெண்டு பாப்பம்."

அப்போதுதான் கரண்டி பறந்தது. அது என் காதோரம் போய்ச் சுவரில் பட்டது. நான் எடுத்துக் கழுவி, அதே கரண்டியால் உமக்குச் சூப் ஊட்டினேன்.

அந்த மாதங்களில் நான் வேலைக்குப் போனதுபோல் சந்தோஷமாக ஒருநாளும் போனதில்லை. நீர் செல்லையா என்பீர், நான் ஏவா என்பேன். கீழே வாசலைக் காக்கிற பெண் ஒருநாள் என்னை மறித்து, "மேலே ஏவா என்று யாரோ சிஞ்ஞோரா இருக்கிறாளா?" என்று கேட்டாள். "இருக்கிறாள், பொல்லாத கிழவி" என்றேன். யன்னல் திறந்திருந்தது. உமக்கும் கேட்டிருக்கும்.

பிறகு உமக்குப் பாரிசவாதம் வந்தது. இங்கிலீஷ் போனது, இத்தாலியன் போனது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. தண்ணீருக்கும் செல்லையா, நோவுக்கும் செல்லையா, வெளிச்சம் வேண்டுமென்றாலும் செல்லையா.

அது சண்டையால் எங்கள் ஊர்ச்சனம் முழுவதும் இடம்பெயர்ந்த தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. ஐயாவின் கடைசித் தங்கை, எந்தக் கதையையும் "எங்கடை செல்லையாண்ணை" என்றுதான் தொடங்குகிற என் மாமி, போகும் வழியிலேயே இறந்துவிட்டா என்று தொலைபேசியில் சொன்னார்கள். ஐயாவைப் பெயர் சொல்லிக் கதைக்க அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. மறுநாள் உமது அறைக்குள் வந்தேன். நீர் என்னைப் பார்த்துச் "செல்லையா" என்றீர்.

அந்தப் பெயர் மிஞ்சியிருந்த ஒரே வாய் உம்முடையதாகிவிட்டது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. போயும் போயும் இந்த வாயிலா என் ஐயா குடியிருக்க வேண்டும்? அன்று நான் பதிலுக்கு ஏவா என்று சொல்லவில்லை. உம்மில் இரக்கம் என்று நினைத்துவிடாதையும். அது மாமிக்காக.

உம்மை அடக்கம் செய்த அன்று பாதிரியாரும் வாசல்காரியும் நானும் நின்றோம். நான் வந்தது, நீர் போய்விட்டீர் என்று நிச்சயப்படுத்திக்கொள்ள. வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்தேன். ஆனால் நாள் போகப் போகக் காது எதையோ தேடத் தொடங்கிவிட்டது. திட்டுவதற்காவது அந்தப் பெயரைச் சொல்ல இந்த ஊரில் யாரும் இல்லை. ஒருவருடைய வாயையும் நம்பி ஐயாவை விட்டுவைக்கக் கூடாது என்று அப்போது பட்டது.

"எனக்கு எழுதப் பழக்கு" என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"இவ்வளவு காலமும் பேப்பரைக் கண்டால் கோழி மாதிரி ஓடினனியள். இப்ப என்னத்துக்கு?"

"ஐயாவின்ரை பேர் எழுத."

அவள் அதற்குமேல் பகிடி விடவில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். கொம்பு எழுத்துகள் என்னைப் பாடாய்ப் படுத்தின. மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனை வழுக்கியது. கடைசியில் ஒருநாள் செல்லையா என்று முழுதாக எழுதி, வாய்விட்டு வாசித்து, நானே கைதட்டினேன். "எழுத்தெல்லாம் குடிச்ச வெறிகாரன் மாதிரிச் சாஞ்சு நிக்குது" என்றாள் அவள். நிற்கட்டும். என் கையால் நிற்கிறது.

உமது கல்லில் வெட்டியிருக்கும் எழுத்தை இன்னும் எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் கல்லோடு உமது பெயர் முடிந்தது என்றுதான் நீர் அங்கே படுத்திருப்பீர். முடியவில்லை. இந்தத் தாளின் தலையில் செல்லையா என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, கொஞ்சம் சின்னதாக, ஈவிசன். தமிழில் அதை எழுதிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். உமது பெயர் இனி என் கையில். நினைத்தால் ஒரே கோட்டில் வெட்டிவிடலாம். வெட்டப் பாக்கியம் விடமாட்டாள். அந்த ஏவாள் மனிசி பாவமாம்.

மீன் பொரிகிற வாசம் வருகிறது. பாக்கியம் சாப்பிடக் கூப்பிடுகிறாள். எங்கே, நீரும் செல்லையா என்று கூப்பிடும், பார்ப்போம். இந்தமுறை என் ஐயா உமக்கு மேலே இருக்கிறார்.