பாசி தேய்த்த படி

கொட்டகலை
சனிக்கிழமை பின்னேரம்

அன்பு மகள் தனுஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் பாஹிம் தம்பியும் அந்த டோஹா வெயிலில் நலமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஃபோனில் பேசலாம்தான். ஆனால் நான் ஃபோனைக் கையில் எடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார். அவர் போகிற போக்கைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. பாஹிமின் அக்கா ஜிப்ரியா திங்கட்கிழமை உங்களிடம் வருகிறாளாம். அவள் பையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நாளைக் காலையில் நாங்கள் வீட்டைக் காலி செய்கிறோம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் நஸார் நானாவே இரண்டு தடவை வாசலுக்கு வந்து, "புள்ளைகள் கலியாணம் செஞ்சதுக்கு நாம என்னத்துக்குப் பிரியணும் செல்லசாமி" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பாதான் பிடித்த பிடியை விடவில்லை. சம்பந்தி வீட்டில் வாடகைக்குக் கிடக்கிறான் என்று கடைத்தெருவில் சிரிப்பார்களாம். கோபத்தில் சொன்னார் என்றாலும், சம்பந்தி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம் சாமானுக்கு ஒரு சின்ன லொறி போதும். அவருடைய கோபத்தை ஏற்றத்தான் தனியாக ஒன்று பிடிக்க வேண்டும்.

தலவாக்கலையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு பேசியிருந்தார். வெயில் விழுகிற வீடு, ஜன்னலைத் திறந்தால் எதிரே தேயிலை மலை. எனக்கும் பிடித்திருந்தது. நேற்று திடீரென்று போய் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழே இருக்கிற வீட்டைப் பிடித்துவிட்டு வந்திருக்கிறார். பகலிலேயே லைட் போட வேண்டும். ஏன் என்று கேட்டால், படி செங்குத்து என்கிறார். ஆடிவேலுக்குக் கோயில் படியெல்லாம் காவடியோடு ஏறுகிற மனிதர் சொல்கிற காரணமா இது? சண்டை போட எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

வாரம் முழுக்க வீட்டைச் சுத்தம் செய்கிற வேலைதான். நீ பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கியபோது வந்த வீடு. எவ்வளவு அழுக்கு சேர்ந்திருக்கிறது தெரியுமா? நீ இருந்தபோது இப்படிக் கிடக்காது. நீ போன பிறகு நான் இந்த வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவவே இல்லை. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அதற்குக் காரணம் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால் அன்றைக்கு நாம் கூட்டக்கூட மாட்டோம். பிணம் எடுத்த வீட்டைத்தான் பின்னாலேயே கழுவி விடுவார்கள். நீ பாஹிமோடு கொழும்புக்குப் போய்விட்டாய் என்று தெரிந்த அன்று, அப்பா பின்பக்கக் குழாயில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து, உன் அறையிலிருந்து வாசல் வரைக்கும் ஊற்றினார். கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் உன் மாமியார் செரீபா அக்காவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். நம்மோடு இத்தனை காலம் பழகியவருக்கு அது எதற்கு ஊற்றுகிற தண்ணீர் என்று தெரியாமல் இருக்காது. அன்றிலிருந்து பெருநாளைக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரவில்லை. தீபாவளிக்கு நானும் முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

அப்படியிருந்தும் செரீபா அக்கா செவ்வாய்க்கிழமை தானே ஒரு வாளியும் தேய்க்கிற தேங்காய்ப் பொச்சு நாருமாக வந்து நின்றார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்க ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் நின்று தேய்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், "இந்த ஊடு சும்மா கெடக்காது மீனம்மா. ஜனவரில பாஹிமும் தனுவும் வாராங்க. புள்ளப் பேறு இங்கதான்" என்றார்.

நான் தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் மாசமாக இருக்கிற செய்தியை அடுத்த வீட்டுக்காரர் வாயால், அடுப்படிச் சுவரைப் பார்த்தபடி கேட்கிற தாய் ஆகிவிட்டேனே என்று இருந்தது. உன்மேல் குறை சொல்லவில்லை. சொல்ல உனக்கு ஒரு வழியும் வைக்காதவர்கள் நாங்கள்தான். நீ வளர்ந்த வீட்டுக்கே மருமகளாக வரப்போகிறாய். உன்னை வரவேற்க நான் அங்கே இருக்க மாட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து நான் கை ஓயாமல் தேய்த்தேன். காலி செய்கிற வீட்டுக்கு யாரும் அப்படித் தேய்க்க மாட்டார்கள்.

சாமி படங்களைக் கழற்றிய இடத்தில் விளக்குக் கரி கறுப்பாகப் படிந்திருக்கிறது. இனி இது தொழுகிற வீடு என்று அதையும் அழிக்கப் போனேன். செரீபா அக்கா கையைப் பிடித்து, "அது கெடக்கட்டும், அவ வந்து பாத்துச் செய்யட்டும்" என்றார். விட்டிருக்கிறேன். நீ என்ன செய்தாலும் எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்வானேன், கொஞ்சம் வருத்தம் இருக்கும். அதைப் பார்க்காதே.

அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. பயம்தான். வியாழக்கிழமை அலுமாரியை நகர்த்தியபோது, ஒட்டடைக்குள் கெரம் பலகையின் சிவப்புக் காய் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வளவில் அப்பாவும் நஸார் நானாவும் ஆடுவார்களே, அந்தக் காய். நீதான் ஒளித்தாய், இல்லை பாஹிம்தான் ஒளித்தான் என்று அப்பாக்கள் இரண்டு பேரும் மாறி மாறி வழக்காடி, கடைசியில் ஒரு சிவப்புப் பொத்தானை வைத்து ஆடினார்கள். அப்பா காயைத் துடைத்துப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நஸார் நானாவின் கடை மேசையில் அதை வைத்துவிட்டு நின்றாராம். நானா தேத்தண்ணி வரவழைத்து உட்கார வைத்தாராம். இதெல்லாம் செரீபா அக்கா பிறகு சொன்னது. என்ன பேசினார்கள் என்று அவருக்கும் தெரியாது. மறுநாள்தான் அப்பா தலவாக்கலைக்குப் போய் வீட்டை மாற்றினார்.

இன்று மத்தியானம் சாமான் கட்டுகிற நேரத்தில் ஆளைக் காணோம். பின்னால் போய்ப் பார்த்தால், குளியலறைக்கு இறங்குகிற படியில் தூறலில் நனைந்துகொண்டு உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. போகிற வீட்டுப் படிக்கு இப்போது என்ன அலங்காரம் என்று கேட்டேன். தலை நிமிராமலே, "மாசமா இருக்கிற புள்ள ஏறி எறங்குற படி. வழுக்கிச்சின்னா என்ன செய்யிறது" என்றார்.

நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குக் கடையில் நானா சொல்லியிருக்க வேண்டும். தெரியுமென்றால் எதற்காகப் போக வேண்டும், கட்டிய சாமானை அவிழ்த்து வைப்போம் என்றேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் தண்ணி ஊத்துன வீடு இது. அவ வந்து எறங்குறப்ப எந்த மொகத்தோட நான் வாசல்ல நிக்கிறது?" அவருக்குக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவர் இன்னொன்றும் சொன்னார். நாளைக்கு நாம் கிளம்பிய பிறகு யாரும் இந்த வீட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், செரீபா அக்காவிடம் சொல்லிவிடு, இன்றைக்கே நாமே கழுவிவிடுவோம் என்றார். அவரே வாளியில் பிடித்துத் தந்தார். இந்தத் தடவை உன் அறையை நான்தான் கழுவினேன். தரை இன்னும் காயவில்லை. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அடுப்படித் தட்டில் உப்பும் மஞ்சளும் போத்தலில் வைத்திருக்கிறேன். புதுக்குடித்தனம் வருகிறவர்களுக்கு வைப்பது. உங்கள் வழக்கத்தில் உண்டா என்று தெரியவில்லை, கறிக்காவது ஆகும். குளிருக்குக் காதை மூடிக்கொள். பாரம் தூக்காதே. பின்படியில் பாசி மறுபடியும் பிடிக்கும், பாஹிமைத் தேய்க்கச் சொல்.

கீழ்வீடு எதற்கு என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது மகளே. உன்னை வரச்சொல்லி அப்பா சொல்ல மாட்டார், அவருக்குச் சொல்லத் தெரியாது. நான் சொல்கிறேன். கொட்டகலையில் பஸ் ஏறினால் தலவாக்கலை பக்கம்தான். வாசலில் ஒரே ஒரு படி. பார்த்துக் கால் வைத்து வா. மருமகனையும் கூட்டிக்கொண்டு வா.

உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசிகளுடன்,
உன் அம்மா
மீனம்மா