அடுப்படிச் சுவரில் எழுதிய எண்

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக்குப் போகும் முன் அடுப்படிச் சுவரில் கரியால் ஓர் எண் எழுதினீர்களே, முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டி? நானூறு கோடியைத் தாண்டிய அந்த எண்ணை, ஒன்றையும் அதையும் தவிர வேறெதுவும் மீதியில்லாமல் வகுக்காது என்றீர்கள். நானும் சமைத்துக்கொண்டே ஒவ்வொரு எண்ணாலும் அதை வகுத்துப் பார்த்து வந்தேன்.

நேற்று போலீஸ் வந்தது. தல்லாகுளம் பக்கம் போராட்டக்காரர்கள் யாரோ தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்களாம், நம் தெருவில் வீடு வீடாகச் சோதனை. சுவரைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் அத்தாவின் சட்டையைப் பிடித்தார்.

"யாருக்குய்யா இந்த ரகசியக் குறி?"

"வெறும் கணக்கு சார், எம் மருமகன் எழுதுனது" என்றார் அத்தா. கன்னத்தில் அறை விழுந்தது.

நான் ஓடிப்போய்க் கரியை எடுத்தேன். "இம்புட்டுத்தான் சார், வகுத்துப் பாக்குறது" என்று, விட்ட இடத்திலிருந்து, அறுநூற்று நாற்பத்தொன்றால் வகுத்துக் காட்டினேன். கடைசியில் சைபர் வந்தது. மீதியே இல்லை, மச்சான்! உங்கள் எண் வகுபட்டுவிட்டது.

"அப்ப குறியைப் பிரிக்கிறவ நீதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அத்தாவை விட்டுவிட்டார்கள். நாளை காலை நான் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். நீங்கள் இப்போதைக்கு ஊருக்கு வராதீர்கள்.

"அந்நேரம் ஏம்மா சிரிச்ச?" என்று அத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறார். சைபரைப் பார்த்ததும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்க்கவில்லை, மச்சான். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி