மித்திராசின் முன்னிலையில் நான் சொன்ன இலக்கம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் என் சமையலறைச் சுவரைத் திருத்த வந்தவர் வாளியில் பிளாஸ்டரைக் குழைத்தார். அந்த ஈர வாசனை எழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாமிருவரும் துப்புரவுப் பணி செய்த அருங்காட்சியகக் களஞ்சியத்தில், மழை நாட்களில் எழுந்த அதே மணம்.

தொலைதேசத்துச் சிற்பங்களின் வெள்ளை நகல்கள் அங்கே வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்று, உரோமில் நிலத்துக்கடியில் இருந்த அறையொன்றில் கிடைத்த கற்பலகைப் புடைப்புச் சிற்பத்தின் பிரதி. கூர்முனைத் தொப்பி அணிந்த இளைஞன் ஓர் எருதை மண்டியிடச் செய்து, அதன் மூக்கைப் பற்றி இழுத்துக் கத்தியைப் பாய்ச்சுகிறான். நாயும் பாம்பும் இரத்தத்தை நோக்கித் தாவுகின்றன. தேள் ஒன்று எருதின் விதையைக் கவ்வியிருக்கிறது. இத்தனையும் நடக்க, அவனோ முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்ணாகிய எனக்கு அது பொறுக்கவில்லை. எருதைக் குத்துபவன் தெய்வமா? மகிடனை வதைக்கும் நம் துர்க்கைகூட அவனை நேர்கொண்டு நோக்குவாள் என்றேன். மன்னார்க் கத்தோலிக்கரான நீங்கள் தூரிகையால் தேளின் வாலைத் துடைத்தபடி சொன்னீர்கள்: “செய்யிறதைப் பாக்க அவருக்கே வெக்கம் போல. இந்த நாயைப் பாருங்கோ, உதவிக்கு வந்ததோ நக்க வந்ததோ தெரியேல்லை.”

நூலகத்தில் புத்தகம் எடுத்து, அகராதியின் துணையுடன் நான்கு மாதங்கள் படித்தேன். எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. அவன் பெயர் மித்திராஸ், பழைய உரோமர் வணங்கிய தெய்வம் என்பதையும், அவனடியார்கள் சன்னலற்ற குகை போன்ற அறைகளில், இருபுறத் திண்டுகளில் சாய்ந்து விருந்துண்டனர் என்பதையும் நானே அறிந்தேன். பெண்களுக்கு அங்கே இடமிருந்ததாகச் சான்றில்லை. வேதநூல் எதையும் அவர்கள் விட்டுச்செல்லவில்லை. அறிஞர்கள் கல்லைப் பார்த்தே ஊகிக்கிறார்கள்.

“எழுதி வைக்காதவர்களை நான் நம்புவதில்லை” என்றேன்.

“அட பண்டிதையம்மா! எழுதி அனுப்பிறவங்களை நம்பித்தானே ரெண்டு வருசமாத் தபால்பெட்டியைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?”

உண்மைதான். என் கணவரும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தனர். அவர்களை இங்கே அழைக்கும் உரிமையைச் சட்டம் அகதியாக வந்த எனக்குத் தந்திருந்தது. ஆயினும் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்கள் யாவும் ஒரே வாசகத்தையே சொல்லின: ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.’ எங்களில் யாரோ அதிகாரிகளிடம் ஏதோ கோள் சொல்லிவிட்டார்கள் என்று நான் உறுதியாக எண்ணினேன். மொழிபெயர்ப்பாளரை ஐயுற்றேன். கீழ்வீட்டாரை ஐயுற்றேன். இறுதியில் உங்களையும் ஐயுற்றேன், அக்கா.

ஏனெனில் ஒரு கொப்பியுடன் வந்து, காத்திருப்போரின் பெயரையும் கோப்பு இலக்கத்தையும் நீங்கள் கேட்கத் தொடங்கினீர்கள். நீங்கள் கைம்பெண், அழைத்துக்கொள்ள உங்களுக்கு எவருமில்லை. அத்தகையவருக்கு எங்கள் இலக்கங்கள் எதற்கு? அதே வாரத்தில் புரொண்பி ரயில் நிலையத்தில், தோற்பையுடன் நின்ற டெனிஷ்காரர் ஒருவருடன் நீங்கள் தாழ்ந்த குரலில் கதைப்பதைக் கண்டேன்.

“அவர் லோயர். எல்லாரின்ரை நம்பரையும் சேத்து ஒரு முறைப்பாடு எழுதப் போறார். உங்கடையையும் தாங்கோ” என்றீர்கள்.

வழக்கறிஞர் என்று யார்தான் சொல்லிக்கொள்ள இயலாது? அந்த எருதின் முன்னே நின்று, உங்கள் முகத்தைப் பாராமல், என் கோப்பு இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களையும் இடம்மாற்றிச் சொன்னேன். நீங்கள் எழுதி, இருமுறை வாசித்துக் காட்டினீர்கள்.

“சரிதானே?”

“ஓம், சரி.”

சில வாரங்களின் பின், அந்த இலக்கத்தில் என் பெயரில் கோப்பு இல்லையென்று லோயருக்குப் பதில் வந்தது. நீங்கள் பேருந்திலிருந்து இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தீர்கள். மேற்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“நான் எழுதேக்கை பிழை விட்டிட்டன் போல. நம்பர் இருக்கிற கடிதத்தைக் கொண்டாங்கோ, பாத்து எழுதுவம். மற்றாக்களின்ரை முன்னமே போட்டுது. உங்கடையைத் தனிய அனுப்பவேணும்.”

கடிதத்தைக் கொடுத்தேன். பிழையை உங்கள் தலையில் ஏற்றுக்கொண்ட அந்தப் பெருந்தன்மையையும் நான் ஐயத்துடனேயே பார்த்தேன் என்பதை இன்று எழுதக் கை கூசுகிறது.

பின்னர் நாடே அறிந்தது: எங்கள் விண்ணப்பங்கள் மேலிடத்து உத்தரவால் முடக்கப்பட்டிருந்தன. எங்களில் எவரும் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. லோயரின் முறைப்பாட்டுப் பட்டியலில் முதலில் சென்றவர்களின் குடும்பங்கள் முதலில் வந்தன. என்னுடையவர்கள் பின்னர் வந்தனர். விமான நிலையத்தில், ஐந்து வயதில் நான் விட்டுவந்த மகள் ஒன்பது வயதுக்காரியாக என் முன்னே நின்று, “வணக்கம் அன்ரி” என்றாள். நீங்கள் உடனே குனிந்து, “அன்ரி நானெல்லோ. அது அம்மா, குஞ்சு” என்றீர்கள். இலக்கத்தை மாற்றிச் சொன்னது நானே என்பதை அன்றும் உங்களிடம் ஒப்புக்கொள்ளவில்லை, அதன்பின் நாம் அருகருகே வாழ்ந்த ஆண்டுகளிலும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த எண்கள் எப்படி இடம்மாறின என்பதை நீங்கள் அறிந்திருந்தீர்களா என்று உங்கள் சொற்களையெல்லாம் சோதித்துப் பார்ப்பதையும் நான் நிறுத்தவில்லை. நீங்கள் எதையும் காட்டிக்கொள்ளவே இல்லை.

சென்ற மாதம் உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகையில், காரில் மகளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் வீதியிலிருந்து கண்ணெடுக்காமல் டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தமிழில் கேட்டாள்:

“அப்ப உங்களாலை நான் அங்கை கூடக் காத்திருந்தது எத்தினை நாள், அம்மா?”

தெரியாது என்றேன். பத்து நாளாகவும் இருக்கலாம், பத்து மாதமாகவும் இருக்கலாம். அவள் என் முகத்தை மறந்தது அந்த நாட்களில்தானா என்பதை இனி எவரிடம் கேட்பேன், அக்கா?